கையில் உட்காராத துப்பாக்கி

பெட்டியைத் திறந்ததும் கைத்துப்பாக்கிக்கு முன்னால் கண்ணில் பட்டது ஒரு சின்ன அட்டைதான். தொழிற்சாலையில் இயந்திரப் பிடியில் பொருத்தி, 25 மீட்டர் தூரத்தில் ஐந்து தோட்டாக்கள் சுட்டுப் பார்த்த சோதனை அட்டை. ஐந்து துளைகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, என் கட்டைவிரலை மேலே வைத்தால் மறைந்துவிடும் அளவுக்குச் சின்னதாக இருந்தன. அந்த அட்டையைப் பர்ஸில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் திரிந்தேன். துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் தெரியாத என் மைத்துனரிடம்கூட எடுத்துக் காட்டினேன். பாவம், அவரும் "நல்லா இருக்கு" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரேஞ்சில் (சுடும் பயிற்சிக்களத்தில்), அதே 25 மீட்டரில், அதே துப்பாக்கியில் நான் சுட்ட முதல் பத்துத் தோட்டாக்கள் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பரவிக் கிடந்தன. கிளப்புக்குச் சொந்தமான, சின்ன அளவுத் தோட்டா போடும் பழைய .22 துப்பாக்கியில் நான் சுடுவதைவிட மோசம். இரண்டு வருடச் சேமிப்பு அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

காகித இலக்கை நோக்கி, பொழுதுபோக்காக, உரிய உரிமத்தோடு சுடுகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உரிமம், எந்த அளவுத் தோட்டாவுக்கு அனுமதி, வீட்டில் எப்படிப் பூட்டி வைப்பது என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். துப்பாக்கியைத் தேடத் தொடங்குவதற்கு முன்னால் அந்தச் சட்டத்தைப் படித்துவிடுங்கள். நான் பார்த்த ஒருவர் ஆசைப்பட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்து முன்பணமும் கொடுத்துவிட்டு, அந்த அளவுத் தோட்டா தன் உரிமத்தில் வராது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டார்.

என் தப்புக்கு வருகிறேன். நான் மூன்று மாதம் உட்கார்ந்து படித்தேன். படித்ததெல்லாம் உண்மைதான், அதுதான் வேடிக்கை. நான் வாங்கிய வகையான 9 மி.மீ. அரைத் தானியங்கித் துப்பாக்கிகளில் (ஒரு அழுத்தலுக்கு ஒன்று சுட்டு, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்பவை) பெரும்பாலானவற்றில் குழல் நிலையாக இருப்பதில்லை. ஒவ்வொரு முறை வெடிக்கும்போதும் அது, மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடோடு சேர்ந்து கொஞ்சம் பின்னால் போய், கீழே சாய்ந்து, பூட்டு விலகி, மறுபடியும் மேலே ஏறிப் பழைய இடத்தில் பூட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் இம்மி பிசகாமல் அதே இடத்துக்கு வந்தால்தான் குண்டுகள் ஒரே இடத்தில் போய் விழும். மலிவான துப்பாக்கிக்கும் உயர்தரத் துப்பாக்கிக்கும் உள்ள விலை வித்தியாசத்தில் ஒரு பங்கு இந்த வேலைக்குப் போகிறது. குழல், ஸ்லைடு, சட்டகம் மூன்றையும் ஒன்றுக்கொன்று கையால் இழைத்துப் பொருத்துவது. 1949-இல் சுவிஸ் ராணுவம் ஏற்றுக்கொண்ட சிக் பி210 இன்றுவரை துல்லியத்துக்குப் பெயர் வாங்கியிருப்பதற்கு இந்தப் பொருத்தம் ஒரு முக்கியக் காரணம். அதில் ஸ்லைடு, சட்டகத்தின் வெளியே கவிழ்ந்து ஓடாமல் உள்ளே ஓடும். நீளமான தண்டவாளம், ஆட்டம் குறைவு. பின்னால் வந்த செக் நாட்டு சிஇசட் 75-உம் அப்படித்தான். அதன் வழிவந்த ஷாடோ 2 போட்டிக்காரர்களிடம் இன்று மிகவும் பிரபலம்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டால் யாருக்கும் போதை ஏறும். எனக்கும் ஏறியது. குழல் எப்படிச் செய்தது, எஃகு என்ன வகை, இயந்திரப் பிடியில் எத்தனை மில்லிமீட்டர் என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். என் கை எவ்வளவு நீளம் என்று மட்டும் எழுதவில்லை.

நான் வாங்கிய துப்பாக்கியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அதன் மேல் எந்தக் குற்றமும் இல்லை. முழு எஃகு, தோட்டா இல்லாமலேயே ஒன்றே கால் கிலோவுக்கு மேல். கைப்பிடிக்குள்ளே இரட்டை வரிசை மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் கூடு) போவதால் பிடி தடிமன். என் விரல்களோ குட்டை. ஆள்காட்டி விரல் முதல் கணுவின் நடுச்சதை டிரிக்கரின் நடுவில் படிய வேண்டிய இடத்தில், எனக்கு விரல் நுனிதான் எட்டியது. எட்டுவதற்காகப் பிடியைக் கொஞ்சம் திருகிப் பிடித்தேன். அப்படிப் பிடித்ததும் டிரிக்கர் நேராகப் பின்னால் வராமல் பக்கவாட்டில் தள்ளப்பட்டது. இது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. "பழகப் பழகச் சரியாகிவிடும்" என்று நினைத்தேன். ஆறு வாரம் பழகினேன். தப்பு நன்றாகப் பழகியது.

எங்கள் ரேஞ்சில் ஒரு பெரியவர் உண்டு. நாற்பது வருடமாகச் சுடுகிறவர், தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். ஒரு நாள் என் பக்கத்துத் தடத்தில் நின்றுகொண்டு, "தம்பி, உங்க மேகசின்களை நான் நிரப்பித் தரட்டுமா?" என்று கேட்டார். சரி என்று கொடுத்தேன். ஐந்து தோட்டா போட்டுக் கொடுத்தார். முதலாவது வெடித்தது, இரண்டாவது வெடித்தது. மூன்றாவதில் 'டக்' என்ற சத்தம் மட்டும். ஆனால் துப்பாக்கியின் மூக்கு சட்டென்று கீழே குத்திட்டு நின்றது. வெடிக்காத துப்பாக்கி எப்படிக் கீழே இறங்கும்? நான்தான் இறக்கியிருக்கிறேன். அவர் நடுநடுவே வெடிமருந்து இல்லாத டம்மித் தோட்டாக்களைக் கலந்து போட்டிருந்தார். உதைப்பு வரப்போகிறது என்று கை முன்கூட்டியே பதறி, வெடிக்கும் நொடிக்கு முன்னால் தானாகவே குழலை அமுக்கிக்கொண்டிருந்தது. நிஜத் தோட்டா வெடிக்கும்போது அந்த உதைப்பிலேயே இந்தப் பதற்றம் மறைந்துவிடுவதால் எனக்குத் தெரியவேயில்லை.

"சார், இதுக்கு என்ன செய்யறது?" என்றேன்.

"இந்தத் துப்பாக்கியிலேயே சரி பண்ணலாம், ரொம்ப நாள் ஆகும். உங்களுக்கு எது வேணும்? இதை வச்சிருக்கணுமா, நல்லா சுடணுமா?"

கோபம்தான் வந்தது. ஆனால் வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்கை இங்கே எழுதுகிறேன், இதற்கே இந்தக் கட்டுரை.

சர்வதேசப் போட்டிகளில் 25 மீட்டர் துல்லியச் சுற்றுக்கான இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 50 மி.மீ. அடுத்தடுத்த ஒவ்வொரு வளையமும் 25 மி.மீ. அகலம். கிளப்பின் பழைய .22-ஐ ஒரு நாள் மணல் மூட்டையில் வைத்துச் சுட்டிருந்தோம். பத்துத் தோட்டாவும் 40 மி.மீ.க்குள் விழுந்தன. அதாவது அந்தத் தேய்ந்து போன துப்பாக்கியே, சரியாகப் பிடித்தால், எல்லாத் தோட்டாவையும் பத்துக்குள் போட்டுவிடும். என் புதுத் துப்பாக்கி 25 மி.மீ.க்குள் போடும். அந்தப் பதினைந்து மில்லிமீட்டர் வித்தியாசத்துக்குத்தான் நான் இரண்டு வருடம் காசு சேர்த்திருக்கிறேன். என் கை போட்ட துளைக் கூட்டத்தின் அகலமோ 200 மி.மீ.

இன்னொரு பக்கம். குறிபார்க்கத் துப்பாக்கியின் மேல் இருக்கும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே 200 மி.மீ. தூரம் என்று வையுங்கள். டிரிக்கரை அழுத்தும் நொடியில் முன் சைட் பின் சைட்டின் பள்ளத்துக்குள் அரை மில்லிமீட்டர் ஒதுங்கினால், 25 மீட்டரில் குண்டு 62 மி.மீ. தள்ளிப் போய் விழும். பத்து போய் எட்டு. அரை மில்லிமீட்டர்! அதை ஒதுக்குவது குழல் அல்ல. பிடி பொருந்தாத கையும், கரடுமுரடாக விடுபடும் டிரிக்கரும்தான். ஆக, பொழுதுபோக்குச் சுடுநருக்கு உயர்தரத் துப்பாக்கியில் காசு கொடுக்க வேண்டிய இடம் கைப்பிடி, அடுத்தது டிரிக்கர், அப்புறம் சைட். குழல் கடைசி. நான் குழலில் தொடங்கிக் கைக்கு வந்தேன். கையில் தொடங்கிக் குழலுக்குப் போயிருக்க வேண்டும்.

9 மி.மீ. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரும்புத் தகடுகளை வேகமாக அடித்து விழுத்தும் ஆட்டம், ஓடி நின்று சுடும் போட்டி என்று உங்கள் ஆசை அந்தப் பக்கம் இருந்தால் அதுதான் சரி. இரண்டு கையாலும் பிடிக்கிறீர்கள், எடை அங்கே நண்பன். நான் செய்ய நினைத்ததோ ஒரு கையை நீட்டி நிதானமாகச் சுடுவது. அதற்கு .22 எல்.ஆர். போல் ஆசிரியர் கிடையாது. அதன் ஈயக்குண்டு சுமார் 2.6 கிராம், 9 மி.மீ. குண்டு பொதுவாக எட்டு கிராம் அளவில் இருக்கும். குழலை விட்டுக் கிளம்பும்போது பெரியதன் ஆற்றல் சின்னதைப் போல நான்கைந்து மடங்கு. அந்த உதைப்பு இல்லாதபோது கை பதறுவதற்குக் காரணமும் குறைந்துவிடுகிறது. தோட்டா விலையும் குறைவு என்பதால் அதே காசுக்குப் பல மடங்கு அதிகம் சுடலாம். பொறிமுறையும் எளிது. பெரும்பாலான .22-களில் குழல் சட்டகத்தோடு அசையாமல் நிற்கும், தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் பின்பூட்டு மட்டும் தன் எடையாலும் சுருள்வில்லாலும் தாங்கிப் பின்னால் போய் வரும். சாய்ந்து எழுந்து பூட்டும் வேலையே இல்லை. துல்லியம் அங்கே கிட்டத்தட்ட இலவசமாகக் கிடைக்கிறது.

முதல் துப்பாக்கியை விற்பதற்கு முன்னால் ஆறு மாதம் ஒன்றும் வாங்குவதில்லை என்று முடிவு செய்தேன். இரவல் மட்டும். சுடுகிறவர்கள் இந்த விஷயத்தில் தாராள மனசுக்காரர்கள். பணிவாகக் கேட்டால், அவர்கள் முன்னிலையில், அவர்கள் தோட்டாவுக்குக் காசு கொடுத்துவிட்டு இருபது முப்பது சுட விடுவார்கள். ஏழு துப்பாக்கிகள் சுட்டுப் பார்த்தேன்.

பார்த்ததில் .22 இலக்குத் துப்பாக்கிகள் இரண்டு குடும்பம் என்று புரிந்தது. ஒன்று, மேகசின் கைப்பிடிக்குள்ளே போகிற வகை. 1957-இலிருந்து விற்பனையில் இருக்கும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 41, பழைய ஹெமர்லி 208, எளிய விலையில் ரூகர் மார்க் வரிசை எல்லாம் இந்த வகை. இரண்டாவது, மேகசின் டிரிக்கருக்கு முன்னால் போகிற வகை. வால்தர் ஜிஎஸ்பி, பார்தினி எஸ்பி இரண்டும் இதற்கு நல்ல உதாரணம். முன்னால் மேகசின் வைத்த துப்பாக்கி பார்க்க அழகில்லை, ஏதோ தையல் மெஷினின் உதிரிப் பாகம் மாதிரி இருக்கும். ஆனால் கைப்பிடிக்குள் ஒன்றும் இல்லாததால் பிடியை எந்த வடிவத்திலும் செதுக்கலாம், எந்தக் கோணத்திலும் சாய்க்கலாம், குழலையும் கைக்கு நெருக்கமாகத் தாழ்த்தி வைக்கலாம். குழல் தாழ்ந்திருந்தால் உதைப்பு மேல்நோக்கித் தூக்காமல் நேராகத் தோளுக்கு வரும், அடுத்த குண்டுக்குச் சைட் சீக்கிரம் திரும்பி வரும். அழகுக்காக நான் முதல் வகைப் பக்கம் சாய்ந்திருந்தேன். கைக்காக இரண்டாவதுக்கு மாறினேன்.

பொருத்தம் பார்க்க அந்தப் பெரியவர் சொல்லிக் கொடுத்த சோதனையைவிட நல்லது எதையும் நான் பிறகு கண்டதில்லை. துப்பாக்கி காலி என்று இரண்டு முறை சரிபார்த்து, ரேஞ்சின் இலக்குத் திசையில் மட்டும், கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டித் தூக்கு. தூக்கிய பிறகு கண்ணைத் திற. முன் சைட் பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவில், மேல் விளிம்புகள் சமமாக இருக்கிறதா பார். மணிக்கட்டைத் திருத்தாதே. இப்படிப் பத்து முறை. என் முதல் துப்பாக்கியில் பத்துக்கு ஒன்று தேறியது. கடைசியில் வாங்கியதில், செதுக்கலுக்கு முன்பே ஏழு.

அதோடு இன்னும் சில. டிரிக்கர் விரலின் பக்கவாட்டுச் சதை பிடியின் மரத்தில் உரசக் கூடாது. உரசினால் அழுத்தும்போது துப்பாக்கியையும் சேர்த்து நகர்த்தும். உள்ளங்கைக்குக் கீழே இருக்கும் நகரும் பலகை கையைத் தாங்க வேண்டும், நெரிக்கக் கூடாது. ஒரு காகிதம் நுழையும் இடம் விடச் சொல்கிறவர்கள் உண்டு, என் அனுபவத்தில் அது சரி. குழலின் கோடு முன்கையின் எலும்போடு ஒரே நேரில் வர வேண்டும். இதையெல்லாம் வந்த உடனே பார்க்காதீர்கள், நாற்பது தோட்டா சுட்ட பிறகு பாருங்கள். கை சூடேறிக் கொஞ்சம் வீங்கியிருக்கும். செருப்பைச் சாயங்காலம் வாங்கு என்பார்களே, அதே கதைதான்.

பிடிகள் அளவு வாரியாக வருகின்றன: சின்னது, நடுத்தரம், பெரியது என்று, இடது கைக்காரர்களுக்குத் தனியாக. விற்றவர் என் கையைப் பார்த்துவிட்டு நடுத்தரம் என்றார். நானும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து உள்ளங்கையை அளந்து தயாரிப்பாளரின் அட்டவணையோடு ஒப்பிட்டால் சின்னதுக்கும் நடுத்தரத்துக்கும் சரியாக நடுவில் நிற்கிறேன். சின்ன அளவாக வாங்கி மரப்பசையும் மரத்தூளும் குழைத்து அப்பியிருக்கலாம், அல்லது வாங்கிய நடுத்தரத்தையே செதுக்கலாம். செதுக்குவது எளிது. ஒரு வட்ட அரம், ஒரு சொரசொரப்புக் காகிதம், நிறையப் பொறுமை. வால்நட் மரத்தில் முதல் முறை அரத்தை வைக்கும்போது கை நடுங்கியது; அவ்வளவு காசு கொடுத்து வாங்கிய பொருளை நானே சுரண்டுகிறேனே என்று. ஒரு தடவைக்கு ஒரே இடத்தில் மட்டும் சுரண்டி, ஐம்பது தோட்டா சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த இடம் என்று வைத்துக்கொண்டேன். பிடி முழுக்கக் கைக்குப் பொருந்த நான்கு மாதம் ஆனது. போட்டிக்குப் போகிறவர்கள் கவனிக்க: பிடியின் வடிவத்துக்கு விதி உண்டு, முதலில் அதைப் படித்துவிடுங்கள். மணிக்கட்டைத் தாங்கிப் பிடிக்கிற மாதிரி நீட்ட அது அனுமதிக்காது.

டிரிக்கருக்கு வருவோம். 25 மீட்டர் பிஸ்டல் போட்டியில் டிரிக்கர் குறைந்தது 1000 கிராம் எடையைத் தாங்க வேண்டும். துப்பாக்கியின் மொத்த எடை 1400 கிராமைத் தாண்டக் கூடாது. நான் போட்டிக்குப் போகிறவன் இல்லை, ஆனாலும் அந்த எண்களை அளவுகோலாக வைத்துக்கொண்டது நல்லதாகப் போயிற்று. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி, "எவ்வளவு லேசாக வைக்கலாம்?" கேள்வியே தப்பு. எடையைவிட முக்கியம், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே அழுத்தத்தில், கண்ணாடிக் குச்சி ஒடிகிற மாதிரி சுத்தமாக விடுபடுகிறதா என்பது. நல்ல இலக்குத் துப்பாக்கிகளில் டிரிக்கர் இரண்டு கட்டமாக இருக்கும். முதல் கட்டத்தில் எடையின் பெரும்பங்கை விரல் ஏற்றுக்கொண்டு ஒரு சுவரில் போய் முட்டி நிற்கும். அந்தச் சுவரில் நின்றுகொண்டு குறியைச் சரிபார்த்து, மீதி இருநூறு முந்நூறு கிராமை மெல்லச் சேர்த்தால் போதும். விடுபட்ட பிறகு டிரிக்கர் மேலும் பின்னால் ஓடாமல் தடுக்க ஒரு திருகும் இருக்கும்.

இந்தத் திருகுகள்தான் என்னைக் கெடுத்தன. வாங்கிய இரண்டாவது வாரமே, கையேட்டைப் பாதி படித்துவிட்டு, எல்லாத் திருகையும் கொஞ்சம் கொஞ்சம் திருப்பினேன். எது எங்கே இருந்தது என்று குறித்து வைக்கவில்லை. மூன்றாவது வாரம் ரேஞ்சில் ஒரு அழுத்தலுக்கு இரண்டு தோட்டா போயிற்று. இரண்டும் இலக்குத் திசையில்தான், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எனக்கு முதுகில் வேர்த்தது. சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் கொக்கியின் பிடிப்பை அளவுக்கு மீறிக் குறைத்திருக்கிறேன். பின்பூட்டு வந்து மோதிய அதிர்ச்சியிலேயே கொக்கி விட்டுவிட்டது. துப்பாக்கியைக் காலி செய்து, பெட்டியில் வைத்து, நேராகத் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் திட்டவில்லை, அது இன்னும் மோசம். இப்போது என் விதி: கொக்கியின் பிடிப்பை நான் தொடுவதில்லை. டிரிக்கர் நாக்கை முன்னே பின்னே நகர்த்துவது, முதல் கட்ட எடை, இவை மட்டும் என் வேலை. அதுவும் கால் சுற்று திருப்பினாலும் நோட்டில் தேதி போட்டு எழுதுகிறேன்.

சைட்டைப் பொறுத்தவரை சரிசெய்யக்கூடிய பின் சைட், அகலம் மாற்றக்கூடிய முன் சைட், இவை இருந்தால் போதும். முன் சைட்டின் இரு பக்கமும் வெளிச்சம் தெரிய வேண்டும். எனக்கு ஆரம்பத்தில் இருந்தது அகலமான முன் சைட். பள்ளத்தை நிரப்பிக்கொண்டு நின்றது. கொஞ்சம் ஒல்லியானதாக மாற்றியதும் இரண்டு ஓரத்திலும் வெளிச்சம் வந்தது. ஆனால் அதைவிடப் பெரிய மாற்றம் கண்ணாடிக் கடையில் கிடைத்தது. நாற்பது வயது தாண்டிய கண்ணுக்கு நீட்டிய கையின் முனையில் இருக்கும் முன் சைட் கலங்கலாகத்தான் தெரியும். இலக்கு கலங்கலாகத் தெரிந்தால் பரவாயில்லை, முன் சைட் கலங்கக் கூடாது. கண்ணிலிருந்து முன் சைட் வரை நூல் பிடித்து அளந்து, அந்தத் தூரத்தைக் கண் பரிசோதகரிடம் சொன்னேன். தூரப் பார்வை எண்ணோடு முக்கால் கூட்டிக் கொடுத்தார். துப்பாக்கிக்கு நான் செலவழித்த எதையும்விட இந்த ஒற்றைக் கண்ணாடி கொடுத்த புள்ளிகள் அதிகம். சிவப்புப் புள்ளி காட்டும் மின்னணு சைட் கண்ணுக்கு இன்னும் எளிது, அமெரிக்க புல்ஸ்ஐ போட்டிகளில் அனுமதியும் உண்டு. ஒலிம்பிக் வகைப் பிஸ்டல் போட்டிகளில் கிடையாது. எந்தப் பக்கம் போகப் போகிறீர்கள் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுஃப் டிகேச் ஒரு கையைச் சட்டைப்பையில் விட்டுக்கொண்டு, சாதாரணக் கண்ணாடியோடு சுட்டு, கலப்பு அணிப் பிரிவில் வெள்ளி வென்ற படம் நினைவிருக்கும். "பார்த்தீங்களா, ஒரு கருவியும் வேண்டாம்" என்று எனக்கே பத்துப் பேர் அனுப்பினார்கள். கண்ணுக்கு முன்னால் தனி லென்சு இல்லை, பக்கப் பார்வையை மறைக்கும் தட்டி இல்லை, சரிதான். ஆனால் கையில் இருந்தது தேர்ந்த போட்டித் துப்பாக்கி. வேண்டாத எல்லாவற்றையும் விட்டவர் அதை மட்டும் விடவில்லையே.

எடை பற்றிச் சுருக்கமாக. கடையில் தூக்கும்போது கனமான துப்பாக்கி அசையாமல் நிற்கிற மாதிரி இருக்கும். அறுபது தோட்டாச் சுற்றில் ஐம்பதாவது தோட்டாவில் தூக்கிப் பாருங்கள், அப்போது தெரியும். குழலுக்குக் கீழே சின்னச் சின்ன எடைகளைச் சேர்க்கவும் கழற்றவும் வசதி உள்ளதை வாங்கினால் இந்தக் குழப்பமே இல்லை. நான் எல்லா எடைகளையும் போட்டுத் தொடங்கி, இப்போது ஒன்றே ஒன்றில் வந்து நிற்கிறேன்.

தோட்டா விஷயத்தில் எல்லோரும் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். கேட்காதீர்கள், உங்கள் துப்பாக்கியையே கேளுங்கள். இலக்குத் துப்பாக்கிகளுக்கு ஒலியைவிட வேகம் குறைந்த, உறை போடாத ஈயக்குண்டுத் தோட்டாதான் பொதுவாக ஒத்துவரும். அதிவேகத் தோட்டா பின்பூட்டைப் பலமாக அறையும். பல தயாரிப்பாளர்கள் கையேட்டிலேயே வேண்டாம் என்கிறார்கள். நான் ஆறு வகைகளில் சின்னச் சின்னப் பெட்டி வாங்கி, ஒவ்வொரு வகைக்கு மாறும்போதும் குழல் பழக இருபது முப்பது தோட்டாவைக் கணக்கில் சேர்க்காமல் சுட்டுவிட்டு, மணல் மூட்டையில் வைத்துப் பத்துப் பத்தாக மூன்று கூட்டம் எடுத்தேன். ஐந்து தோட்டாக் கூட்டம் ஒன்றை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், அதிர்ஷ்டம் ஏமாற்றும். (என் பர்ஸில் இருந்த அட்டையும் ஐந்துதான்!) ஆறில் விலை கூடியது மூன்றாவது வந்தது. ஜெயித்தது நடுத்தர விலை. அந்தப் பெட்டியின் தொகுதி எண்ணைக் குறித்துக்கொண்டு போய் அதே தொகுதியில் ஒரு வருடத்துக்கு வாங்கினேன்.

.22-இல் ஒரு சின்னத் தொல்லை உண்டு. தோட்டாவின் அடியில் வெளியே நீட்டிய விளிம்பு இருப்பதால், மேகசினில் மேல் தோட்டாவின் விளிம்பு கீழ் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் ஏறாது. நிரப்பும்போது ஒவ்வொன்றின் விளிம்பும் அதற்குக் கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் நிற்கிறதா என்று பார்த்தால் போதும். ஒரு மாதம் துப்பாக்கியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன், குறை என் அவசரத்தில் இருந்தது.

பழைய உயர்தரத் துப்பாக்கி வாங்கலாமா என்றால், தாராளமாக. இவை லேசில் தேய்வதில்லை. ஆனால் தோட்டா அறையின் பின்விளிம்பில் சுடும் ஊசி அடித்த தழும்பு இருக்கிறதா பாருங்கள். தோட்டா இல்லாமல் கண்டபடி அடித்துப் பழகியவரின் கையெழுத்து அது. குழலின் வாய் விளிம்பில் வெட்டுக் காயம் இருக்கக் கூடாது. அதைவிட முக்கியமாக, மேகசினும் சுருள்வில்லும் சுடும் ஊசியும் இன்னும் கிடைக்கிறதா, கைவைக்கத் தெரிந்த மெக்கானிக் எட்டும் தூரத்தில் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். நான் ஆசைப்பட்ட இரண்டு துப்பாக்கிகளை இந்த ஒரு கேள்வியே பட்டியலிலிருந்து அடித்தது.

வீட்டில் தோட்டா இல்லாமல் பழகுவதற்கென்றே பல இலக்குத் துப்பாக்கிகளில் தனி ஏற்பாடு இருக்கிறது. ஊசி விழாமல் டிரிக்கரை மட்டும் உணரலாம். இல்லாததை வாங்க வேண்டாம் என்பேன், ஏனென்றால் உண்மையான முன்னேற்றம் அங்கேதான் நடக்கிறது. தினம் பதினைந்து நிமிடம், வெறும் வெள்ளைச் சுவரைப் பார்த்து. அந்த அறையில் ஒரு தோட்டாகூட இருக்காது, அது வேறு அறையில் பூட்டியிருக்கும். இதில் சமரசமே கிடையாது.

முதல் துப்பாக்கியைக் கடைசியில் எங்கள் கிளப்பிலேயே ஒருவர் உரிய காகிதங்களோடு வாங்கிக்கொண்டார். ஆறடி ஆள், கை ஒவ்வொன்றும் முறம் மாதிரி. அவர் அதை எடுத்து நீட்டிய முதல் நொடியிலேயே பிடி அவர் கைக்குள் போய் உட்கார்ந்தது தெரிந்தது. இரண்டு கையாலும் பிடித்துச் சுட்ட முதல் பத்தும் கறுப்பு வட்டத்துக்குள். எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சலாக இருந்தது, மறைப்பானேன். பர்ஸிலிருந்து அந்த அட்டையை எடுத்துக் கொடுத்தேன். ஓரமெல்லாம் மடங்கிப் போயிருந்தது. அவர் ஒரு நொடி பார்த்துவிட்டுப் பெட்டிக்குள் போட்டு மூடினார்.

புதுத் துப்பாக்கியோடும் அப்படி ஒரு அட்டை வந்தது. எங்கே வைத்தேன் என்று தேடினால்தான் தெரியும். துல்லியச் சுற்றில் ஏழும் எட்டுமாக இருந்த நான் இப்போது பெரும்பாலும் ஒன்பதில் நிற்கிறேன். வேகச் சுற்றில், மூன்று நொடிக்குள் கையைத் தூக்கி ஒரு தோட்டா சுட வேண்டிய இடத்தில், இன்னும் தடுமாறுகிறேன். கட்டைவிரல் படுகிற பக்கத்தில் மரம் ஒரு மில்லிமீட்டர் அதிகமோ என்று இரண்டு வாரமாகச் சந்தேகம். பெரியவரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அரை மில்லிமீட்டர் எடுங்க. மீதியை அடுத்த மாசம் பார்க்கலாம்" என்றார்.